பனிமடியின் முதுகு

வெளியீட்டு விழாவில் கம்பெனித் தலைவர் முதலில் செய்த காரியம், பனிமடியின் முதுகில் ஒரு கட்டி வெண்ணெயை வைத்ததுதான். பிறகு, கணினிகளைக் கதறவைப்பதில் பேர்போன ஒரு பந்தய விளையாட்டை அதில் ஓடவிட்டார். மேடையில் புகை, நீல விளக்கு, இடி முழக்கம் போல ஒரு பின்னணி இசை. அரை மணி நேரம் கழித்தும் வெண்ணெய் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்குக்கூட இத்தனை கைதட்டல் கிடைத்திருக்காது. அவனுக்கு மேடை ஏற்பாடு போதாது.

முன்வரிசையில் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். கோகுலநாத். 'நிறைகுறை' என்ற சேனலை நடத்துகிறவர். கைதட்டாமல் இருப்பது அவருடைய தொழில் தர்மம். காமிரா தன் பக்கம் திரும்பும்போது இன்னும் கொஞ்சம் நன்றாகக் கைதட்டாமல் இருப்பார்.

பனிமடி என்பது விசைப்பலகையைக் கழற்றினால் டேப்லெட், மாட்டினால் லேப்டாப். இரண்டிலும் பெரிய விளையாட்டுகள் ஓடும். இந்த ரகக் கருவிகள் முன்பும் வந்திருக்கின்றன. எல்லாம் இரண்டு மாப்பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே சட்டை தைத்த கதைதான். வேகம் வேண்டுமென்றால் விசிறி வேண்டும், விசிறி வைத்தால் தடிக்கும், மெலிதாக்கினால் சுடும், சுட்டால் கையில் பிடிக்க முடியாது, கையில் பிடிக்க முடியாததை டேப்லெட் என்று எப்படி விற்பது? பனிமடியில் விசிறியே இல்லை. வேகம் இருந்தது, மெலிவும் இருந்தது, வெண்ணெயும் இருந்தது.

கேள்வி நேரத்தில் கோகுலநாத் எழுந்தார். "சூடு எங்க போகுது?"

தலைவர் கண்களை மூடித் திறந்தார். "தேவைப்படுகிறவர்களிடம்" என்றார். மறுபடியும் கைதட்டல்.

தேநீர் இடைவேளையில் விளக்கம் சொன்னவன் அபினேஷ். கம்பெனியில் அவனுக்கு 'அனுபவத் தூதர்' என்று பதவி. பத்திரிகைக்காரர்களுக்கு சமோசா பத்தாமல் போனால் அவனைத்தான் கேட்பார்கள்.

"ஒரே படிகத்துல இருந்து அறுத்த ரெண்டு தகடு சார். ஒண்ணு மெஷினோட முதுகு. இன்னொண்ணு நீலகிரியில ஏதோ ஒரு வீட்டுல. இதுல இறங்கற சூடு அதுல ஏறிடும். நடுவுல வயர் கிடையாது, டவர் கிடையாது."

"எவ்ளோ தூரம் போகும்?"

"தூரம்ங்கறது மேட்டரே இல்ல சார். இங்க நீங்க துப்பாக்கியால சுட்டா அங்க ஒருத்தருக்கு இதமா இருக்கும். 'வெப்ப தானம்'னு திட்டத்துக்குப் பேரு. ஃப்ரீயாவே குடுத்திருக்கோம். பொன்னாடை போத்தி."

"எந்த மெஷினுக்கு எந்த வீடுன்னு மாத்த முடியுமா?"

"முடியாது சார். அறுக்கும்போதே முடிவாயிடும். கல்யாணம் மாதிரி."

"கல்யாணத்தை மாத்தலாமே" என்றார் கோகுலநாத். போன வருடம்தான் மாற்றிக்கொண்டவர்.

"சார் செம ஜோக்" என்றான் அபினேஷ், சிரிக்க மறந்து.

விமர்சனத்துக்கென்று ஒரு பனிமடி வீட்டுக்கு வந்தது. அதன் முதுகில் பெரிய எழுத்தில் 'விமர்சனப் படி 17 – விற்பனைக்கு அல்ல' என்று செதுக்கியிருந்தார்கள். கோகுலநாத்துக்கு அந்த எழுத்து பிடிக்கும். அவருடைய ஒவ்வொரு வீடியோவும் ஒரே காட்சியில்தான் முடியும்: கருவியைத் திரும்பப் பெட்டியில் போட்டு, கூரியர்காரர் கையில் கொடுத்து, காமிராவைப் பார்த்துத் தலையசைப்பார். ஓசியில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். கொடுத்த மார்க்கை மாற்றவும் மாட்டார். இந்த இரண்டையும் அவர் எந்த வீடியோவிலும் பெருமையாகச் சொன்னதில்லை. எல்லா வீடியோவிலும் அடக்கமாகச் சொல்லியிருக்கிறார்.

சென்னையில் அவர் குடியிருந்த அடுக்ககத்தில் பகலெல்லாம் யாராவது ஒருவர் சுவரைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் குரல் பதிவு, பேட்டரி சோதனை எல்லாம் விடியற்காலையில்தான். விடிவதற்கு முன் எழுந்து, காப்பி போட்டு, பந்தய விளையாட்டை முழு வேகத்தில் ஓடவிட்டு உட்கார்ந்துவிடுவார். சொன்னால் சொன்னபடி, முதுகு சில்லென்றே இருந்தது.

வீடியோ வந்தது. நிறைகள்: வேகம், திரை, சத்தமின்மை, சூடின்மை. குறைகள்: பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இல்லை. விசைப்பலகையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கினாலும் தட்டினால் வெற்று டப்பா சத்தம். பின்னால் இருக்கிற தாங்குகால் மேசையில் நிற்கும்; மடியில் வைத்தால் வழுக்கும்; படுக்கையில் வைத்தால் குப்புற விழும். "பேர்லயே மடி இருக்கற மெஷினுக்கு மடி ஒத்துவரல" என்றார் கோகுலநாத். மார்க், பத்துக்கு ஆறரை.

இரண்டு நாளில் கூரியர்காரர் வர வேண்டும். அதற்கு முன் ஒரு போன் வந்தது, விளம்பரத் தொடர்புக்கென்று சேனலில் போட்டிருந்த எண்ணுக்கு.

"ஏனுங், பதினேழாம் நம்பருங்களா?"

"யாரு பேசறீங்க?"

"நான் கோத்தகிரியில இருந்து தெய்வாத்தாள் பேசறனுங். எங்க தகட்டுல பதினேழுன்னு வெட்டியிருக்குதுங். இவரு உங்க வீடியோ பாத்துட்டிருந்தாரு. மெஷினைத் திருப்பிக் காட்டுனீங்கல்ல, அதுல பதினேழுன்னு இருந்துச்சு. அடியே, நம்ம ஆளுடீன்னு கத்துறாருங்."

கோகுலநாத்துக்கு ரசிகர்கள் போன் செய்வது புதிதல்ல. நம்பரைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை.

அவள் கணவர் நஞ்சுண்டன் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை மடங்கி மூடிக்கொண்டது. காலையில் கையை நன்றாகச் சூடுபடுத்தி, பிறகு ஒவ்வொரு விரலாக நீவிப் பிரிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். விட்டுவிட்டால் ஒரேயடியாக இறுகிவிடும்.

"ஹாட் வாட்டர் பேக் வெக்கலாமே?" என்றார் கோகுலநாத்.

"வெச்சனுங். அந்தக் கையில உணர்ச்சி இல்லீங்களா, சுட்டதே தெரியல. கொப்புளம் போட்டு ஆறதுக்கு மாசமாச்சு. கரண்டு வெப்பமும் பாத்தாச்சு, மழை வந்தா கரண்டே இல்லீங். உங்க தகடுதான் சுடாது, ஆறாது, ஒரே பக்குவமா வரும். முன்னல்லாம் வேற யாருகிட்டயோ இருந்துச்சு போல, மாசத்துல நாலு நாளு வரும். அப்புறம் செத்துக் கெடக்கும். நீங்க வந்த பொறகுதானுங் தெனமும் வெள்ளன வருது. விரலு நாலும் பிரியுது தம்பி. நேத்துக் காப்பி டம்ளர அவரே புடிச்சாருங்."

பின்னால் ஒரு கனத்த குரல் கேட்டது. நாக்கு இழுத்தது. ஆனால் குறை சொல்லும்போது தெளிவாகிவிடுகிற குரல். "அவருகிட்டச் சொல்லு. வளைவுல அப்படியா ஒடிக்கறது? பின்னாடி உக்காந்திருக்கறவன் ஜன்னல் வழியா வெளிய போயிருவான்."

"சும்மா இருங். ஓசில சூடு குடுக்கறாரு, அவருக்கே பாடம் எடுக்கறீங்க."

கூரியர்காரர் வந்தார். கோகுலநாத் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் விடியற்காலையிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கோகுலநாத் விளையாட்டை ஓடவிட்டு, திரை மட்டும் அவர்களுக்குத் தெரிகிற மாதிரி நேரலையில் விட்டு, போன் போடுவார். அங்கே தெய்வாத்தாள் கட்டிலில் தகட்டை வைத்து, அதன்மேல் கணவரின் கையை வைத்து, தகட்டின் ஓரத்தில் மாவுக் குண்டாவையும் ஒட்டி வைத்துவிடுவாள். கோத்தகிரிக் குளிரில் இட்லி மாவு பொங்குவது பெரிய பாடு. பந்தயம் சூடுபிடித்தால் இரண்டும் ஒன்றாக விரியும்.

"கியர குறைங் தம்பி! எறக்கத்துல டாப்ல போறீங்க!"

"ஐயா, இதுல கியர் தானா மாறும்."

"தானா மாறுமா? அப்ப உனக்கென்னய்யா வேலை அங்க? டிக்கெட்டு குடுக்கறயா?"

"நாலாவது வந்திருக்கேன் பாருங்க."

"நாலு பேருதான் ஓட்டுனாங்களா?"

கோகுலநாத் தனியாக வாழ்கிற வீட்டில் விடியற்காலையில் சிரிப்புச் சத்தம் கேட்பதாகக் கீழ்வீட்டுக்காரர் செயலாளரிடம் புகார் கொடுத்தார்.

கம்பெனி மூன்றாவது முறையாகக் கருவியைத் திருப்பிக் கேட்டபோது கோகுலநாத் அபினேஷைச் சந்திக்கப் போனார். நடந்ததைச் சொன்னார். பதினேழைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

"சார், புதுசு ஒண்ணு வாங்கிக்கோங்களேன்."

"புதுசோட சூடு வேற வீட்டுக்குப் போகும். எனக்கு அந்த வீடு வேணும்."

"விமர்சனப் படி விற்பனைக்கு அல்ல சார். முதுகுலயே எழுதியிருக்கு. திரும்பி வந்தா பீரோவுல போயிடும். அடுத்த விமர்சகர் வர்றப்ப எடுப்போம்." அபினேஷ் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தான். "விக்கத்தான் முடியாது. நண்பர்களுக்குக் கொடுக்கலாம். பனிமடி நண்பர்கள்னு ஒரு வட்டம் இருக்கு. ஆனா நண்பர்கள் யாரும் பேட்டரியைப் பத்திப் பேச மாட்டாங்க."

"மார்க்கை மாத்தச் சொல்றியா?"

"சேச்சே. நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு நேர்மையான மறுபார்வைன்னு ஒரு வீடியோ. மனசு மாறுறது மனுஷ இயல்புதானே சார்?"

கோகுலநாத் யோசிப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து, இத்தனை வருடம் தான் கொடுத்த மார்க்குகளை நினைத்துப் பார்த்தார். தேர்தல் ஆணையம்கூட இவ்வளவு கவனமாக எண்களை அறிவித்ததில்லை என்று அவருக்கு ஒரு எண்ணம். பெரிய கம்பெனிகள் அழைத்துப் பேசியபோதெல்லாம் அசையாமல் இருந்திருக்கிறார். அந்த உறுதியை அவர் உள்ளூர ஒரு வீடு மாதிரி வைத்திருந்தார், அதற்குள்தான் குடியிருந்தார். ஒரு மனிதருடைய நான்கு விரல்களுக்காக அதைக் காலி செய்வதா?

காலையில் போன் போட்டபோது தெய்வாத்தாள் சொன்னாள். "இன்னிக்குக் கட்டை விரலும் அசைஞ்சுதுங்."

மறுபார்வை வீடியோவில் கோகுலநாத் நீல நிறச் சட்டை போட்டிருந்தார். "பழகப் பழகத்தான் தெரியுது, பேட்டரி உண்மையில தாராளம்" என்றார். தாங்குகாலைப் பற்றிப் பேசவில்லை. மார்க், எட்டரை. கூரியர்காரர் வரும் காட்சி இல்லாமல் முடிந்த முதல் வீடியோ அது.

கீழே கருத்துகள் குவிந்தன. 'எவ்ளோ வாங்கினீங்க ப்ரோ?' 'அண்ணனுக்கும் ஒரு விலை இருக்கு.' ஒருவர் மட்டும் நிறுத்திப் பார்த்து, படமெடுத்துப் போட்டிருந்தார்: 'முதுகுல விற்பனைக்கு அல்லன்னு இருக்கே, இன்னும் திருப்பிக் குடுக்கலையா?'

தெய்வாத்தாளிடம் அவர் அதைச் சொன்னார். "உங்களுக்காகத்தாம்மா. என் வாழ்க்கையிலயே முதல் தடவையா ஒரு மார்க்கை மாத்தியிருக்கேன்."

"அய்யோ, எங்களுக்காகவா தம்பி?"

"பரவாயில்லம்மா. ஒரு மனுஷன் கைக்கு முன்னாடி மார்க் என்ன பெரிசு?"

இதை அன்றைக்குச் சொன்னார். இரண்டு நாள் கழித்தும் சொன்னார். அடுத்த வாரமும், பேச்சு வேறு எங்கேயோ போய்க்கொண்டிருந்தபோது இழுத்துவந்து சொன்னார். தியாகம் செய்கிறவர்களுக்கு, அதைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் கொஞ்சம் கஷ்டம்தான்.

முதுகில் இருந்த எழுத்து அவரை உறுத்த ஆரம்பித்தது. முன்பு பதக்கம் மாதிரி இருந்த அதே எழுத்து இப்போது திருடன் நெற்றியில் ஒட்டிய சீட்டு மாதிரி இருந்தது. காப்பிக் கடையில் பனிமடியை எடுத்தால் முதுகைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. திரை எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தது. எதிரில் இருப்பவர் சங்கடப்பட்டார். கடைசியில் அபினேஷிடம் சொன்னார்.

"அந்த எழுத்தை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க."

"செதுக்கினது சார், அழிக்க வராது. நீங்க அனுப்புங்க, புதுசு மாதிரி பண்ணித் தர்றோம். நண்பர்கள் எல்லாருக்கும் பண்றதுதான்."

சில நாளில் திரும்பி வந்தது. முதுகு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில், தங்க நிறத்தில், கோகுலநாத் என்று போட்டிருந்தார்கள். அவர் அதைச் சட்டைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பார்த்தார்.

மறுநாள் விடியற்காலையில் போன் போட்டார். "நடுவுல மெஷின் சர்வீசுக்குப் போயிருந்துச்சும்மா. சூடு வருதா இப்ப?"

தெய்வாத்தாள் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமானது. அடுப்படியில் இருந்தாள் போல.

"வருதுங் தம்பி" என்றாள். "ஜம்முனு வருது."

பருவமழை வந்து போனது. பனி இறங்கியது. விடியற்காலைப் பந்தயங்கள் நிற்கவில்லை. நஞ்சுண்டன் திட்டுவதும் நிற்கவில்லை. கோகுலநாத் ஒரு முறை இரண்டாவதாக வந்தபோது, "அந்த முன்னால போனவன் பிரேக் அடிச்சுட்டான், இல்லீனா நீங்க மூணாவதுதான்" என்று நஞ்சுண்டன் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது கோகுலநாத் கேட்பார். "சூடு எப்படி இருந்துச்சு?" ஒவ்வொரு நாளும் தெய்வாத்தாள் சொல்வாள். "நல்லா இருந்துச்சுங். நீங்க போய்க் காப்பி குடிங்."

தை மாதத்தில் பனிமடி நண்பர்கள் சந்திப்பு நடந்தது. கோத்தகிரியில், கம்பெனியின் விருந்தினர் மாளிகையில். கோகுலநாத் இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போகிற ஆள் இல்லை; ஆனால் கோத்தகிரி என்றதும் கிளம்பிவிட்டார். பையில் பனிமடி இருந்தது. நஞ்சுண்டன் ஐயாவிடமே அதைக் கொடுத்து ஓட்டச் சொல்ல வேண்டும் என்று திட்டம்.

மாளிகையின் பின்புறத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நீளமான ஒரு கருங்கல் தொட்டி. முழங்கால் அளவு தண்ணீர், அதிலிருந்து மெல்ல ஆவி. இந்தியாவின் முன்னணி விமர்சகர்கள் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"வாங்க சார், காலை விடுங்க" என்றான் அபினேஷ். "மலையேறி வந்த அலுப்பெல்லாம் போயிடும்."

கோகுலநாத் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தார். இதமாக இருந்தது. சுடவுமில்லை, ஆறவுமில்லை. ஒரே பக்குவம்.

"ஹீட்டரா?"

"ஹீட்டரா! என்ன சார் நீங்களே இப்படிக் கேக்கறீங்க?" அபினேஷ் குனிந்து, தண்ணீருக்குள் தொட்டியின் பக்கச் சுவரைக் காட்டினான். அங்கே பளபளக்கும் தகடுகள் வரிசையாகப் பதித்திருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடி எழுத்தில், தங்க நிறத்தில் ஒரு பெயர். "நண்பர்களோட வெப்பம் சார். தலைவரோட ஐடியா. யார் எங்க விளையாடினாலும் இங்க நட்பு கதகதன்னு இருக்கும். இதோ பாருங்க, நீங்க இங்கதான்."

கோகுலநாத் தன் பெயரைப் பார்த்தார். எழுத்து தண்ணீரில் லேசாக ஆடியது.

"என்னோடது பதினேழு. அது ஒரு வீட்டுல இருக்கு."

"அது பழைய முதுகு சார். நீங்கதானே எழுத்தை எடுக்கச் சொன்னீங்க? முதுகையே மாத்தினோம். முதுகு மாறினா ஜோடியும் மாறுமே. முதல் நாளே சொன்னேனே, அறுக்கும்போதே முடிவாயிடும்னு."

"அந்தப் பழைய முதுகைத் திரும்ப மாட்டிக் குடு."

"உருக்கியாச்சு சார். மறுசுழற்சி." அபினேஷின் குரலில் உண்மையான பெருமிதம் இருந்தது. "நாம எதையும் வீணாக்கறதில்ல."

"எப்ப மாத்தினீங்க?"

"நீங்க அனுப்பின அன்னிக்கே. நண்பர்களைக் காக்க வைக்கறதில்ல சார்."

கோகுலநாத் தண்ணீரிலிருந்து காலை எடுத்தார். துடைக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து எத்தனை விடியற்காலைகள் என்று எண்ணப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். ஒவ்வொன்றிலும் அவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றிலும் அவள் சொல்லியிருக்கிறாள்.

தெய்வாத்தாளின் வீடு, பஸ் நிலையத்துக்கு மேலே ஏறிப் போகிற சந்தில் இருந்தது. ஈரச் செருப்பு படியில் சறுக்கியது. கதவைத் திறந்த தெய்வாத்தாள் அவரை நேரில் முதல் முறையாகப் பார்க்கிறாள். ஆனால் அடையாளம் கண்டுகொள்ள ஒரு நொடி ஆகவில்லை.

"தம்பி! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறீங்க! வாங், உள்ள வாங்." உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். "ஏனுங், பதினேழு வந்திருக்குதுங்!"

ஒரே அறை. ஜன்னலோரம் கட்டில். கட்டில் பக்கத்தில் முக்காலியில் மாவுக் குண்டா. அதன் மூடியைப் பூனை தள்ளாமல் இருக்க மேலே பாரமாக ஒரு தகடு. அதில் வெட்டியிருந்த '17' அவர் பக்கம் பார்த்தபடி இருந்தது.

தெய்வாத்தாள் அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். "இப்பத்தானுங் ஆறுச்சு" என்றாள் அவசரமாக. "காலைல கொதிச்சுது. ஆறட்டும்னு அங்க வெச்சனுங்."

காலையில் கோகுலநாத் விளையாடவே இல்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

"ஆமாங்கம்மா" என்றார். "தெரியுது."

நஞ்சுண்டன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. மடியில் வலது கை இருந்தது. விரல்கள் உள்ளே மடங்கி, கட்டை விரல் அவற்றின் மேல் பூட்டிய மாதிரி இறுகி, ஒரே உருண்டையாக. கோகுலநாத் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார். அதைத் தவிர அந்த அறையில் வேறு எதுவும் தெரியவில்லை.

"எப்ப இருந்து, ஐயா?"

தெய்வாத்தாள் டம்ளரைக் கழுவப் போனாள். நஞ்சுண்டன்தான் பேசினார்.

"உடுங் தம்பி. நீங்க எங்களுக்காக மார்க்க மாத்துனதாச் சொல்லிட்டே இருந்தீங்க. தெனமும் கேக்கறீங்க, சூடு வருதா சூடு வருதான்னு. இல்லீன்னு சொல்ல இவளுக்கு வாய் வரல." மூச்சு வாங்கினார். "எனக்கும் வரல. இல்லீன்னு சொன்னா, அப்புறம் வெள்ளன எந்திரிச்சு எனக்கு வண்டி ஓட்டிக் காட்டறது யாரு?"

"சொல்லியிருந்தா நான்..." என்று ஆரம்பித்தார் கோகுலநாத். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? பழைய முதுகு அன்றைக்கே உருகிவிட்டது. ஒரு எழுத்துக்காக.

"முதுகை மாத்தச் சொன்னது நான்தான்" என்றார். "கம்பெனி இல்ல. பாக்க நல்லா இல்லன்னு."

பூனை ஜன்னலில் ஏறி உட்கார்ந்தது.

"அந்த மெஷினு கொண்டாந்திருக்கீங்களா?" என்றார் நஞ்சுண்டன்.

கோகுலநாத் பையிலிருந்து எடுத்தார். விளையாட்டில் மலைப்பாதையைத் தேர்ந்தெடுத்து, தாங்குகாலை விரித்து, கட்டிலில் அவர் முன்னால் வைத்தார். மெத்தையில் அது குப்புற விழுந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தது.

"நிக்காதுங்க" என்றார் கோகுலநாத். "படுக்கையில நிக்காது. முதல் வீடியோவுல சொன்னேன். ரெண்டாவதுல சொல்லல."

"இப்படிக் குடுங்." நஞ்சுண்டன் இடது கையால் அதை வாங்கினார். மூடிக் கிடந்த வலது கையை மடியிலிருந்து தூக்கி மெத்தையில் வைத்து, அதன்மேல் பனிமடியின் முதுகைச் சாய்த்தார். அசையாமல் நின்றது. "பாருங். இது எங்கயும் வழுக்காது."

தெய்வாத்தாள் காப்பி டம்ளரோடு வந்து நின்றாள். அதை அவர் கையில் கொடுக்கவில்லை. வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தாள். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, இடது கை விரலைத் திரையில் வைத்தார்.

"பேட்டரி எவ்வளவு நேரம் வரும்? ரெண்டாவது வீடியோவுல தாராளம்னீங்க."

"ஒன்றரை மணி நேரம்தாங்க ஐயா."

"அப்ப தாராளந்தான்" என்றார் நஞ்சுண்டன். "மேட்டுப்பாளையம் போய்ச் சேந்துரலாம்."

வண்டி கிளம்பியது. முதல் வளைவில் அவர் வேகத்தைக் குறைத்தார், பின்னால் வந்தவையெல்லாம் அவரைத் தாண்டிப் போயின, அவர் கண்டுகொள்ளவில்லை. விளையாட்டு அதன் முழு பலத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. கோகுலநாத் கை நீட்டி, அந்த மூடிய விரல்களுக்கும் பனிமடியின் முதுகுக்கும் நடுவில் தொட்டுப் பார்த்தார்.

சில்லென்று இருந்தது. சொன்னால் சொன்னபடி.